காலுக்குக் கேட்ட கம்பளி

போன கார்த்திகையில் ஒரு நாள், திருவண்ணாமலை செங்கம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு காப்பிக் கடையில் ஒதுங்கினேன். காப்பிக் கடை என்றால் நம் ஊர்க் கடை அல்ல. இட்லிக்குப் பதிலாக விதை தூவிய ரொட்டி தருகிற, மெதுவாகப் பேச வேண்டிய கடை. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தொப்பலாக நனைந்த தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. மழையில் நனைந்த செம்மறி ஆட்டின் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அதேதான். கடைப் பையன் முகம் சுளித்து ஜன்னலைத் திறந்துவிட்டான். எனக்கோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. அந்த வாடையோடு ஒரு கோடை முழுக்கக் குடித்தனம் நடத்தியவள் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் என் மாமா வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைக்கும் வரைக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். மாப்பிள்ளை கிடைக்கும் வரைக்கும் என்று தெருவில் சொன்னார்கள். இரண்டுமே தாமதமானதில் மாமாவுக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்தது. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, கதவைச் சாத்தினால் மட்டும் சுற்றுகிற சின்ன விசிறி. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

தெருவில் பாதி வீடுகளுக்கு எங்கள் பூத் நம்பர்தான் நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட அதைப் போட்டு, பக்கத்தில் பி.பி., அதாவது ஆளைக் கூப்பிட்டுத் தருகிற நம்பர், என்று அச்சடித்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து யாராவது கூப்பிட்டால், "கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்ணுங்க, கூட்டிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். மாவு ஆட்டிக்கொண்டிருக்கிற கையோடு, தலையில் எண்ணெயோடு, ஒருமுறை பாதி சவரம் செய்த முகத்தோடுகூட ஆட்களை இழுத்து வந்திருக்கிறேன்.

அப்படி நான் அதிகமாக ஓடியது தனம் அக்கா வீட்டுக்கு. அவர் கணவர் ஏழுமலை பட்டாளத்தில், ராஜஸ்தான் பக்கம் இருந்தார். எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைக் காட்டுவதுதான் கஷ்டம். அதனால் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. விசேஷம் தனம் அக்காவின் குரல். நேரில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. போனை எடுத்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ராஜஸ்தான் தூரம் ஜாஸ்தி, அதனால் சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைப்பார். கூண்டுக் கதவைச் சாத்தியும் பிரயோஜனம் இல்லை. கணவன் மனைவிப் பேச்சு முழுவதும் எதிர் டீக்கடைக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கத்திரி வெயில் தணிய ஆரம்பித்த நேரம். கார்கில் பக்கம் சண்டை என்று டி.வி.யில் காட்டினார்கள். ஒரு நாள் காலையில் ஏழுமலையிடமிருந்து போன். நான் ஓடிப்போய் அக்காவை அழைத்து வந்தேன். வயலில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர் கையெல்லாம் மண்ணோடு ரிசீவரைப் பிடித்தார்.

"இன்னாது? மலைக்கா? எந்த மலைக்கு?... இன்னா சாக்ஸு?... உல்லனா? இங்க ஏதுங்க உல்லன்?... சரி. சரி. லைனு கட்டாவறதுக்குள்ள சொல்லிடுங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். மணலில் இருந்தவர்களை அவசரமாக ரயிலேற்றி மலைக்கு அனுப்புகிறார்கள். பனிக்கு வேண்டிய சாமான்கள் பின்னால் லாரியில் வருகின்றன, ஆனால் இவர்கள் முன்னால் போகிறார்கள். காலில் ஒரு ஜோடி சாக்ஸ் நனைந்துவிட்டால் அங்கே காயாது. ஈரத்தோடு கிடந்தால் விரல் கறுத்துப்போகும், அப்புறம் எடுத்துவிட வேண்டியதுதான்.

"நைலான் வேணாமாம். நூலு வேணாமாம். உல்லனே ஓணுமாம். தனக்கு மட்டும் இல்ல, கூட இருக்கற பசங்களுக்கும் சேர்த்து அனுப்புனு சொல்றாரு. 'நான் மட்டும் போட்டுக்கினு அவனுங்க மூஞ்சியப் பார்க்க முடியாது'ன்றாரு." தன் மண் கால்களைப் பார்த்தார். "பாப்பா, நீ கூட வரியா? திருவண்ணாமலைக்குப் போவணும்."

இருபத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். போனேன்.

கொண்டுபோக ஆளும் இருந்தது. சோமாசிபாடியில் பச்சையப்பன் என்று, அதே மலைப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒரு ராணுவ டிரைவர், லீவில் வந்திருந்தவர், உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்து கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பஸ். அதற்குள் சேர்க்க வேண்டும்.

தேரடித் தெருவில் இருக்கிற துணிக்கடை அத்தனையும் ஏறி இறங்கினோம். நெருப்பு மாதிரி வெயில். "சுவெட்டரா? உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குது?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை நைலான் சாக்ஸை எடுத்துப் போட்டு, "இதான்மா இருக்குது. ஊட்டிக்குப் போனா கெடைக்கும்" என்றார். ஊட்டிக்குப் போய்த் திரும்ப நாள் இல்லை. மாலை வரை அலைந்து, கடைசியில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செங்கம் சாலையில் என் சித்தி வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று நடந்தோம்.

அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது. நான் நாயைப் பார்த்து ஒதுங்கினேன். தனம் அக்கா நாய்க்குக் கீழே பார்த்தார். தடியான, நீல நிறக் கம்பளிச் சட்டை. குனிந்து நாயை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அது குரைக்க மறந்துவிட்டது. சட்டையை உதறி, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, நாய் படுக்கையப் புடுங்கறே?"

"இது ஏதுங்க உங்களுக்கு?"

"வெள்ளக்காரங்க வுட்டுட்டுப் போறது. அங்க பனியில கிளம்பி வராங்க, இங்க எறங்குனா வேர்க்குது. போவும்போது எவன் தூக்கிக்கினு போவான்? உள்ள ஒரு மூட்டை கெடக்குது."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? கிணறு தோண்டுகிறவர்களுக்கு ஈர மண் தட்டுப்பட்டால் அப்படிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வாட்ச்மேனும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா ஒப்பவில்லை. "சும்மா வாங்கக் கூடாது பாப்பா. அவரு போட்டுக்கப் போறது" என்றார். மறுநாள் காலை, புதுக் கடலையை வறுத்துப் பெரிய பையில் கட்டி எடுத்துவந்தார். கம்பளி எதுவாக இருந்தாலும் பதிலுக்கு ஒரு படி கடலை. நாய்க்கும் பழைய கோணிப்பை ஒன்றை மடித்துப் போட்டார்.

அந்த நாட்களில் செங்கம் சாலையில் அறை வாடகைக்கு விடுகிற வீடு ஒவ்வொன்றிலும் கதவைத் தட்டினோம். பரண் மேலிருந்து, மாடிப்படிக்குக் கீழிருந்து, தண்ணீர் மோட்டார் மேல் போர்த்தியிருந்ததிலிருந்து என்று கம்பளி வந்துகொண்டே இருந்தது. கோடையிலும் ஊர் திரும்பாத வெளிநாட்டுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் பேசுவது ஆங்கில இலக்கியத்தின் பொறுப்பு.

ஒரு வேப்பமரத்து வீட்டில் நெட்டையான அம்மாள் ஒருவர், நரைத்த தலை, காவி நிற நூல் சேலை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மேடம், கைண்ட்லி கிவ் வுல்லன் சாக்ஸ் ஃபார் வார்" என்றேன். அவர் முகம் இறுகியது. "வார்? நோ" என்று சொல்லிக் கதவில் கைவைத்தார். அமைதியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவரிடம் நான் கேட்ட லட்சணம் அது.

"இன்னா சொல்றாங்க?" என்றார் அக்கா.

"சண்டைக்குக் குடுக்க மாட்டாங்களாம்க்கா."

"சண்டைக்குக் கேக்கலனு சொல்லு. காலுக்குக் கேக்கறேன்னு சொல்லு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அதை மொழிபெயர்க்க வேண்டுமே. "நாட் ஃபார் வார், மேடம். ஃபார் ஃபுட்" என்றேன். அவர் முகம் உடனே கனிந்தது. உள்ளே போய் இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுவந்து நீட்டினார்! என் உச்சரிப்பில் கால் சாப்பாடாகிவிட்டிருந்தது.

தனம் அக்கா சிரிக்கவில்லை. பழத்தை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு காலை முன்னால் நீட்டி, விரல்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குளிரில் நடுங்குவது மாதிரி உடம்பை ஆட்டினார். பிறகு சுண்டு விரலைப் பிடித்து, வெட்டி எறிவது போல் சைகை காட்டினார். கழுத்திலிருந்த தாலியை எடுத்துக் காட்டி, வடக்கே கை நீட்டினார். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் கையிலிருந்த ரொட்டியைப் படியில் வைத்தார். அப்புறம் உள்ளே போனார். பெட்டியின் அடியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், சாம்பல் நிறத்தில் முழங்கால் வரைக்கும் வருகிற ஒரு ஜோடி சாக்ஸ். கையால் பின்னியது, புதுசு மாதிரி இருந்தது. அக்காவின் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, அதை அவர் மடியில் வைத்தார். கடலையை வாங்கிக்கொண்டு, உரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு எங்களோடு கிளம்பியேவிட்டார். மிச்ச வீடுகளில் அவரே முன்னால் போய்த் தட்டினார். என் ஆங்கிலத்துக்கு அன்றோடு ஓய்வு.

துவைப்பதுதான் பெரிய பாடு. அக்காவின் நிலத்து மோட்டார் தொட்டியில் பூந்திக்கொட்டை ஊறப்போட்டு அலசினோம். நான் மேலே சொன்ன வாடை அப்போதுதான் என் மூக்கில் குடியேறியது. கடலைக்கொடி பிடுங்கின நிலம் முழுக்கக் கம்பளி காய்ந்தது. ரோஸ் நிறம், ஊதா நிறம், கொம்பு வைத்த மான் போட்டது, பனிமரம் போட்டது. "ஏழுமல இதப் போட்டுக்கினு நின்னா எதிரி சிரிச்சே செத்துடுவான்" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். கிண்டல் செய்தவரே சாயங்காலம் தன் பங்குக்கு ஒரு மரக்கால் கடலை கொண்டுவந்து கொட்டினார்.

சாக்ஸாகவே கிடைத்தது கம்மி. சட்டைகள்தான் ஜாஸ்தி. அக்கா ஒரு சட்டைக் கையைத் தன் காலில் மாட்டிப் பார்த்தார். குழாய் மாதிரி முழங்கால் வரைக்கும் ஏறியது. கையை வெட்டி, ஒரு முனையை மடித்துத் தைத்தால் சாக்ஸ்! தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டோம். நான் தைத்த முதல் சாக்ஸ் யானைக்குட்டிக்குப் பொருந்தியிருக்கும். அக்கா அதைப் பிரித்து, என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். கையில்லாமல் நின்ற சட்டைகளையும் விடவில்லை, அவை உள்ளே போட்டுக்கொள்ளும் பனியனாயின. கூடவே வெல்லம் போட்ட கடலை உருண்டை, எலுமிச்சை ஊறுகாய், உதடு வெடிப்புக்கு வாசலின், கோயில் விபூதி.

வெள்ளிக்கிழமை காலை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பச்சையப்பன் மூட்டையைப் பார்த்து மலைத்துப்போனார். "அக்கா, கோணிய எங்கனா மாத்தி எறக்கிடுவாங்க. பொட்டில இருந்தாத்தான் பத்திரம்" என்றார். தரையில் உட்கார்ந்து தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சொந்த உருப்படிகளை, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டின்னை எல்லாம் எடுத்து, வழியனுப்ப வந்த தம்பி கையில் கொடுத்தார். காலியான பெட்டியில் எங்கள் கம்பளியை முழங்காலால் அமுக்கி அமுக்கி அடைத்தார். அடங்காததைக் கழுத்திலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டார். அந்த வெயிலில், மான் போட்ட சுவெட்டரை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறியவரைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

அப்புறம் காத்திருப்பு. போன் மணி அடித்தால் டீக்கடையில் டம்ளர் சத்தம் நின்றுவிடும். செய்தித்தாளில் வருகிற பெயர்களை முதலில் நான் படித்துவிட்டு, பிறகுதான் தனம் அக்கா கண்ணில் படும்படி வைப்பேன். அவர் தினமும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பூத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொடுப்பார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் பச்சையப்பனிடமிருந்து போன் வந்தது. அக்கா பெஞ்சில்தான் இருந்தார். வழக்கமாகக் கத்துகிறவர், அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் கேட்டார். பச்சையப்பன்தான் அந்தப் பக்கம் கத்தினார். எனக்கே கேட்டது.

"அக்கா, ஏழுமலை அண்ணன் இருக்கற எடத்துக்கு ரோடு கட்டாயிடுச்சு. குண்டு போட்டுக்கினே இருக்கான். எப்போ தெறப்பாங்கனு தெரியல. இங்க வேற பசங்க ஒரு செட்டு மேல கிளம்பறாங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல. என் பொட்டிய பார்த்துட்டாங்க. வாய தெறந்து கேக்கல. பார்த்துக்கினே நிக்கறாங்க. நான் இன்னா செய்யட்டும்க்கா? பின்னாடி போனுக்கு க்யூ நிக்குது, சீக்கிரம் சொல்லு."

வாசலில் தெருவே கூடிவிட்டது.

"அவங்க காலுல இன்னா போட்டுக்கினு இருக்காங்க தம்பி?" என்றார் அக்கா. நேரில் பேசுகிற குரல்.

"சாதா சாக்ஸுக்கா. நூலு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"குடுத்துடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அந்த சாம்பல் கலரு ஜோடிய மட்டும்..." நிறுத்தினார். "இல்ல. அதையும் குடுத்துடு தம்பி. நல்லா ஒசரமா இருக்கற புள்ளையா பார்த்துக் குடு. அது நீட்டம்."

போனை வைத்துவிட்டு வந்தவருக்கு டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: "கடல இன்னும் ரெண்டு மூட்டை இருக்குது. காலையில மொத பஸ்ஸுக்கு வரியா பாப்பா?"

மறுபடி போனோம். இந்த முறை விஷயம் பரவியிருந்ததால் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்த துணிக்கடைக்காரர் எங்கிருந்தோ வரவழைத்த புதுக் கம்பளிச் சாக்ஸ் கட்டை, பஸ் பிடித்து வந்து பூத் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த நெட்டை அம்மாள் ஒரு ரிக்ஷா நிறையத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டாவது மூட்டை பார்சலில் போனது. ஆனால் அது போய்ச் சேருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

ஏழுமலை உயிரோடு வந்தார். இடது காலில் இரண்டு விரல் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு லேசாகச் சாய்ந்து நடந்து வந்தார். ஊருக்கு வந்த மறுநாளே இருவரும் பூத்துக்கு வந்தார்கள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்ததை அக்காவே சொன்னார்.

"உங்களுக்குனு தெச்சதுங்க. நான்தான் யாருக்கோ குடுக்கச் சொன்னேன். அது இருந்திருந்தா இந்த விரலு..."

ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"தனம், மேல எனக்கு ஒரு மப்ளர் கெடைச்சுது. பச்சக் கலரு. எவனோ தூக்கிப் போட்டான், காதோட சேர்த்துக் கட்டிக்கினேன். எந்த ஊரு, எந்தப் பொம்பள பின்னது, யாருக்குனு அனுப்பிச்சா, ஒண்ணும் தெரியாது. கேட்டுக்கினா கட்டிக்கினேன்? காதும் மூக்கும் இருக்குது பாரு, அவ குடுத்தது." அக்காவின் தலையை ஒருமுறை தடவினார். "நீ குடுத்தது எவன் காலுலயோ நடந்துக்கினு இருக்குது. வுடு."

டீக்கடைக்காரர் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. நான் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விசிறி சுற்றியது.

காப்பி ஆறிவிட்டது. மழையும் விட்டது. இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இப்போது செங்கம் சாலையில் அந்த வீடுகள் எதுவும் இல்லை. மாடி மேல் மாடியாக எழும்பிவிட்டன. நெட்டை அம்மாள் எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. பூத் இருந்த இடம் முதலில் செல்போன் கடையானது, இப்போது பிரியாணிக் கடை. ஏழுமலையும் அக்காவும் நலம். இன்றைக்கும் கடலைதான் போடுகிறார்கள்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ எல்லையில் காவலில் இருக்கிறான். வீடியோ காலில் தன் அம்மாவுக்குப் பனியைக் காட்டிக்கொண்டிருந்தான். அக்கா எட்டிப் பார்த்து, "காலுக்கு இன்னா போட்டுக்கினு இருக்கே?" என்றார். அவன் கேமராவைக் கீழே திருப்பினான். முழங்கால் வரைக்கும் தடிமனான பூட்ஸ். "எல்லாம் குடுக்கறாங்க பெரியம்மா" என்று சிரித்தான். அக்காவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! அந்தத் தேவை ஒழிந்தது நல்லதுதான். அது திரும்பி வர வேண்டாம்.

ஆனால் அந்தப் பையனின் அம்மா பேசி முடித்துப் போனை முந்தானையில் துடைத்து அலமாரியில் வைத்தபோது, எதிர் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எந்த மலையில் நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போன் வந்தால், அந்த வீட்டுக்கு மட்டும்தான் வருகிறது.